யாரங்கே

ஊதுகிறவர்கள் ஆறு பேர், அடிக்கிறவர்கள் மூன்று பேர்.
பெரிய டிரம் நான்.
பகலில் பேரணாம்பட்டு கம்பெனியில்
ஷூ அட்டைக்குப் பசை தடவுகிறவன்.
ராத்திரியானால் சிவப்புக் கோட்டு, தோளில் தங்கக் குஞ்சம்,
நியூ எக்காளம் பேண்டு செட், குடியாத்தம்.

தரணம்பேட்டைக் கல்யாணத்துக்கு
எங்களோடு ஒரு பையனையும் பேசிவிட்டார்கள்.
டி.ஜே.வாம். பேர் வசீம்.
மீன்பாடி வண்டியில் இரண்டு டர்ன்டேபிள், ஒரு ஜெனரேட்டர்.
ரெக்கார்டு வழுக்குவதற்கு அடியில்
ஆட்டுத்தோல் லைனிங்கை வட்டமாக வெட்டிப் போட்டிருந்தான்.
தொட்டுப் பார்த்தேன்.
எங்கள் கம்பெனிச் சரக்கு.
எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை.

மாஸ்டர் ஆபிரகாம் டிரம்பெட்டைத் துடைத்தபடி சொன்னார்:
"இது வாசிப்பாடா?
எங்க வூட்ல பூனகூடத்தான் கதவப் பிராண்டுது."

ஊர்வலம் கிளம்பியது.
முதல் அடி போட்டேன்.
வண்டி அதிர்ந்து, ஊசி எகிறி,
எந்த நாடகத்து ராஜாவோ நடுரோட்டில் கத்தினார்:
யாரங்கே!
மாப்பிள்ளை கார்க் கண்ணாடியை இறக்கினார்.

"அண்ணே, பத்தடி பின்னால வாங்க."
"நீ போ பத்தடி முன்னால."
முன்னால் பட்டாசு,
பின்னால் சீர்த்தட்டுப் பெண்கள்.
ரெண்டு பேருக்கும் போக்கிடமில்லை.

ஊசித் தலையில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டிப் பார்த்தான்.
எகிறியது.
டர்ன்டேபிளுக்கு அடியில் துண்டை நாலாக மடித்து வைத்தான்.
எகிறியது.
சக்கரத்தில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டான்,
வண்டிக்காரர் அவன் அம்மாவையும் அப்பாவையும்
அன்போடு விசாரித்தார்.
அப்போதும் எகிறியது.
நான் வேண்டுமென்றே அடிக்கவில்லை.
முதல் அரைமணி நேரம் அடிக்கவில்லை.

ஆற்றுப் பாலத்தில் ஊர்வலம் நின்றது. எதிரே லாரி.
ஊதுகிறவர்கள் குழாயைக் கவிழ்த்து எச்சில் வடித்துக்கொண்டிருந்தார்கள்.
சும்மா இருக்க முடியாமல் அவன் விரல் வைத்தான்.
யா... யா... யாயா ர ர
எனக்கும் கை சும்மா இருக்கவில்லை.
தோலின் ஓரத்தில் தட்டினால் ஊசி ஒரு கோடு தாண்டுகிறது,
நடுவில் விட்டால் மூன்று.
யா ர ர ர (தொம்) ங்கே
ங்கே ங்கே (தொம்) யா

நிமிர்ந்து பார்த்தான்.
பிறகு அந்த ஒரு ரூபாய்க் காசைப் பிய்த்து
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அதற்கப்புறம் நான் அடிக்க, அவன் பிடிக்க,
அவன் விட, நான் அடிக்க,
ராஜா திக்கித் திக்கி ஊரையே கூப்பிட,
லாரி டிரைவர் ஹாரனில் சேர்ந்துகொள்ள,
மாஸ்டர்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.
டிரம்பெட்காரர் எத்தனை நேரம் பல்லைக் கடிக்க முடியும்?
யாரங்கே என்றதும் நாலே சுரம் ஊதினார்,
வேலைப் பிடித்துக்கொண்டு காவல்காரன் ஓடிவருகிற மாதிரி.
சீர்த்தட்டிலிருந்து ஒரு ஆரஞ்சு உருண்டு
பாலத்தின் ஓட்டை வழியே
தண்ணியில்லாத ஆற்றில் விழுந்தது.

காசு பிரிக்கும்போது நோட்டில் எழுதினார்:
ஊது ஆறு. அடி மூன்று.
கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு,
தேய் ஒன்று.

மறுநாள் நெல்லூர்பேட்டையில் சாவு.
பஸ் கண்டக்டர் ஒருத்தர், ஐம்பத்திரண்டு வயசு.
"பையனையும் கூப்டு" என்றார் மாஸ்டர்,
"அந்த ராஜா மட்டும் வேணாம்னு சொல்லு."

வந்தான்.
ரெக்கார்டின் கடைசி வெற்றுக்கோட்டில் விரலை வைத்து
வெறும் தேய்ப்பு மட்டும்.
ஈரத் தரையை யாரோ பெருக்குகிற சத்தம்.
அதன்மேல் எங்கள் ஊதல் நடந்துபோனது.

அதே பாலம்.
கை பழகிவிட்டிருந்தது.
நடுத்தோலில் விட்டேன்.
ஊசி எங்கிருந்தோ எங்கேயோ தாவி
யாரங்கே

பாடை நிற்கவில்லை.
முன்னால் கொள்ளிச்சட்டியோடு போன மகன் மட்டும்
ஒரு எட்டு தாமதித்தான்.

மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை.
டிரம்பெட்டை உதட்டில் வைத்தார்.
அதே நாலு சுரம்.
இந்த முறை யாரும் ஓடிவரவில்லை,
நடந்து வந்தார்கள்.