ஆறாம் எண்

சாட்சி சொல்லி முடித்து
பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.
வெருலம் நீதிமன்றத்து மின்விசிறி
ஆமாவா இல்லையா என்று தெரியாமல்
தலையாட்டிக்கொண்டிருந்தது.

உளவியல் டாக்டர் எஸ்மே ஆடம்ஸ்
என்னைக் குறைசொல்லத்தான் வந்திருக்கிறார் என்று
கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

அவர் கத்தியிலிருந்து ஆரம்பித்தார்.
கத்தி நீட்டப்பட்டால்
கண் கத்தியைத்தான் பார்க்கும் என்றார்.
சரிதான். இப்போதும் வரைந்து காட்டுவேன்:
பிடியில் மஞ்சள் டேப், நுனியில் ஒரு பல் போயிருந்தது.
கத்திக்குப் பின்னால் ஒரு கை.
கைக்கு மேலே பழுப்புச் சட்டை.
சட்டைக்கு மேலே
நான் எதை வைத்தேன்?

யாரோடு வளர்ந்தோமோ அந்த முகங்களை
எழுத்துக் கூட்டிப் படிக்கிறோம்,
மற்றவற்றை அட்டையைப் பார்த்து அடுக்கிவிடுகிறோம்;
எல்லா நிறத்தாருக்கும் இது உண்டு,
கெட்ட மனசு தேவையில்லை, பழக்கம் போதும் என்றார்.
கெட்ட மனசு இல்லை என்றதும் நிம்மதியாக இருந்தது.
அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

இருபத்து மூன்று வருடமாக
ஆணியும் பூட்டும் பெயின்ட்டும் விற்கிறேன்.
ஜூலுவில் விலை சொல்வேன், கடனை வசூலிப்பேன்.
யாரிடமும் பெயர் கேட்டதில்லை.
துறைமுகத்தில் என் அப்பா கதிர்வேலுவை
துரைமார் எல்லோரும் 'சம்மி' என்றார்கள்,
அவருக்குப் பக்கத்தில் நின்றவரையும் 'சம்மி' என்றார்கள்.
அதைச் சொல்லி இன்றைக்கும் கொதிப்பவள் நான்.

பிறகு வாட்ஸாப்புக்கு வந்தார்.
கொள்ளை நடந்த மறுநாள்
தெருக்காவல் குழுவில் ஒரு படம்:
'இவனாக இருக்கலாம். கவனம்.'
முதலில் யார் அனுப்பியது, யாருக்கும் தெரியாது.
தூக்கம் வராத இரவுகளில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
பத்து நாள் கழித்து
போலீஸ் அணிவகுப்பில் எட்டுப் பேர் நின்றபோது
ஆறாம் எண் தெரிந்த முகம்.
தெரிந்த முகம்தான்.
எங்கே தெரியும் என்று
என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"இவராக இருக்கலாம்" என்றுதான் சொன்னேன்.
இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்து
"சரியாகப் பிடிச்சீங்க ஆன்ட்டி" என்றார்.
வீடு போய்ச் சேர்வதற்குள்
'இருக்கலாம்' எங்கேயோ விழுந்துவிட்டது.
இன்று காலை சத்தியம் செய்து கை நீட்டினேன்.
பொய் சொல்லவில்லை.
பொய்யென்றால் எனக்காவது தெரிந்திருக்கும்.

ஆறாம் எண்ணின் பெயர் பெகானி ம்சோலோ.
பெகானி என்றால் ஜூலுவில் 'பாருங்கள்'.
பதினான்கு மாதமாகச் சிறையில் இருக்கிறார்.
அவருடைய அக்கா எனக்கு முன்வரிசையில்;
பின்னலில் ஒரு பச்சை மணி.
இரண்டு நாளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உணவு இடைவேளையில்
அரசு வழக்கறிஞரிடம் போனேன்.
பன்னி சௌவின் ரொட்டி மூடியைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.
"ஒரு சொல்லைத் திரும்பச் சேர்க்கணும்" என்றேன்.
"என்ன சொல்?"
"இருக்கலாம்."
விரலில் குழம்போடு
வெகுநேரம் என்னைப் பார்த்தார்.

ஜூலையில் விட்டுவிட்டார்கள்.

கடைக்கு எதிரே டாக்ஸி நிறுத்தம்.
தினமும் நூறு பேர் ஏறி இறங்குகிறார்கள்.
அவர் அதில் ஒருவரா, எனக்குத் தெரியாது;
நீதிமன்றத்தில் இரண்டு நாள் பார்த்தும் தெரியாது.

போன வாரம் ஒருவர் பூட்டு வாங்க வந்தார்.
சில்லறை கொடுக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன்:
இடப்புருவத்தில் தழும்பு,
ஒரு காது மற்றதைவிடச் சற்றுக் கீழே.
பெயர் என்ன என்று கேட்டேன்.

சாவியை எண்ணிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
"எதற்கு?" என்றார்.