சாம்பல் உடைத்தவன்

எரிக்க எனக்கு அனுமதி இல்லை.
உடைக்க மட்டும் கூப்பிட்டார்கள்.

மாவட்ட அலுவலகத்தின் பின்புறம்
தண்ணீர்த் தொட்டிக்கும் சமையல்காரன் போட்ட கோஸ் பாத்திக்கும் நடுவே
ஓர் எண்ணெய்ப் பீப்பாயை அறுத்து அடுப்பாக்கியிருந்தார்கள்.
அறுபத்து மூன்று, அக்டோபர்.
ஜக்கரந்தா பூக்கள் பீப்பாய் விளிம்பில் விழுந்து
ஊதாவாகவே கருகின.

முத்திரை விழுந்த கட்டுகளை
வெள்ளைக் கைகள் மட்டுமே தொடலாம் என்று உத்தரவு.
அதனால் ஹார்க்னெஸ் துரையே
சட்டைக் கையை மடித்துவிட்டுச் சுமந்தார்.
பன்னிரண்டு வருடத்தில்
தன் குடையைக்கூட என்னிடம் கொடுத்து நடந்தவர்.
வியர்வையில் மூக்குக் கண்ணாடி வழுக்கியது.
பாவமாக இருந்தது, சிரிப்பாகவும்.

அவர் சாப்பிடப் போனதும் என் முறை.
தாள் எரிந்தாலும் எழுத்து எரிவதில்லை.
கரிந்த ஏட்டில் வெள்ளியாய் மினுங்கிக் கிடக்கும்.
அது தெரிந்த யாரோதான் ஆணையில் எழுதியிருக்க வேண்டும்:
சாம்பலைத் தூளாக்குக.
இரும்புக் கம்பியால் இடித்தேன்,
சோளம் இடிக்கிற மாதிரி.

முசெம்பி, உனக்குப் படிக்க வருமா என்று
ஒருவரும் கேட்கவில்லை.
மிஷன் பள்ளியில் நான்கு வருடம், ஐயா.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
கம்பி வேறு கைக்குப் போயிருக்கும்.

கறுப்பில் வெள்ளி:
ஓர் ஊரின் பாதிப் பெயர்.
எண்கள், எல்லாம் ஐந்து இலக்கம்.
வயிற்றுப்போக்கு என்ற சொல்
மூன்று தாளில் மூன்று பேருக்கு, ஒரே கையெழுத்தில்.
காவலர் குடியிருப்புக் கூரை ஒழுகுவதாக ஒரு புகார்.
படித்துவிட்டு இடித்தேன்.
படிக்காமல் இடித்ததும் உண்டு.
மழை வருகிறது என்று சொல்லிக்கொண்டேன்.
மழை வரவில்லை.

டிசம்பரில், கால்பந்து மைதானத்தில்,
அறுபத்தெட்டு ஆண்டு ஆண்டவர்கள்
ஒரு கயிற்றின் வழியாக இறங்கிப் போனார்கள்.
நெரிசலில் என் செருப்பு ஒன்று தொலைந்தது.
ஒற்றைக் காலோடு விடியும்வரை ஆடினேன்.
பொய் சொல்லமாட்டேன்,
அவ்வளவு மகிழ்ச்சி அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.
அந்த வாரம் பாத்தியில் கோஸ் தலைபெருத்திருந்தது.
சாம்பல் உரம் என்றான் சமையல்காரன்.
எல்லோரும் சாப்பிட்டோம்.

ஜனவரியில் ஞாக்கியோ வந்தாள்.
எட்டு மைல் நடந்த செம்மண் முழங்கால்வரை.
ஐம்பத்து நான்கில் லாரியில் ஏற்றிய கணவன்.
'வரமாட்டான், தெரியும்.
எந்த இடம் என்று மட்டும் சொல்லுங்கள்.'
முகாமிலிருந்து திரும்பிய ஒருவன்
அவனுடைய எண்ணைக் கொண்டுவந்து தந்திருந்தான்.
எழுதத் தெரியாது அவளுக்கு.
ஒரு துணியில் ஐந்து முடிச்சு, உள்ளே அவரை விதை.
மேசைமேல் ஒவ்வொன்றாய் அவிழ்த்தாள்.
நான்கு. ஒன்று.
மூன்றாவது முடிச்சில் எதுவும் இல்லை,
ஆனாலும் அவிழ்த்துக் காட்டினாள்.
ஏழு. இரண்டு.

புது அதிகாரி இருங்கு நல்லவர்.
நாற்காலி போடச் சொன்னார்.
போனவர்கள் ஒன்றும் விட்டுவைக்கவில்லை அம்மா என்றார்.
'பதிவு இல்லை' என்று ஒரு தாளில் எழுதி,
கிரீடத்தைச் சுரண்டி எடுத்த பழைய முத்திரையை
அழுத்திக் குத்தினார்.
நான் சுவரோடு சுவராக நின்றேன்.
நாற்பத்தொன்று என்று தொடங்கிய ஓர் எண்
என் கம்பிக்குக் கீழே மினுங்கியதா?
மினுங்கியது போலவும் இருக்கிறது.
நான் இட்டுக்கட்டுவது போலவும் இருக்கிறது.
வாய் திறக்கவில்லை.

அவள் மறுபடி முடிந்துகொண்டாள்.
வெற்று முடிச்சுக்குத்தான் நேரமெடுத்தது,
பல்லால் கடித்து இறுக்கினாள்.

மாலை பெருக்கும்போது
மேசைக்கடியில் ஒரு விதை.
ஏழிலிருந்து உருண்டதா, நான்கிலிருந்தா?
எங்கோ சாலையில்
அவள் வேறொருவனின் எண்ணைச் சுமந்து போய்க்கொண்டிருக்கிறாள்.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.
வளைவு திரும்பியதும்தான் உறைத்தது:
அவன் பெயரை
இருங்கு கேட்கவில்லை,
நானும் கேட்கவில்லை.