நூற்று நாற்பது

ஐ.டி.ஓ. சிக்னலில்
சிவப்பு எண் நூற்று நாற்பதில் தொடங்கியது.
நான் அதற்கு முன்பே சிவந்திருந்தேன்.

காலைக் கூட்டத்தில் மானஸ் கோஸ்வாமி
என் தணிக்கை அறிக்கையைத் தூக்கிப் பிடித்து
"பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி இருக்கே, மேடம்" என்றான்.
ஒன்பது பேர் சிரித்தார்கள்.
பத்தாவதாக நானும் சிரித்து வைத்தேன்.

சாயங்காலம் வரை
அதற்கு நூறு பதில் எழுதி நூறையும் அடித்தேன்.
சொல்லாத சொல்லெல்லாம்
எப்படியோ வலது காலுக்கு இறங்கிவிட்டது.
நின்ற இடத்திலேயே வண்டி உறுமியது,
பெட்ரோலைக் குடித்து
என் பதில்களை
பின்பக்கக் குழாய் வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

தூக்கம் வரவில்லை என்று போன மாதம்
போனில் இறக்கிய ஆப் ஒன்று
சரியாக ஆறரைக்குப் பேசும்.
கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பவள் போல ஒரு குரல்:
"உள்ளே வரும் மூச்சைப் பாருங்கள்.
வெளியே போகும் மூச்சைப் பாருங்கள்."

அம்மணி,
நவம்பர் மாதத்துத் தில்லியில்
மூச்சைப் பார்க்க முடியும்தான்.
அதோ, கண்ணாடிக்கு வெளியே
பழுப்பாய்த் தொங்குகிறது.

இருந்தாலும் இழுத்தேன்.
பேருந்தின் டீசல்,
யாரோ குளிருக்கு எரித்த டயர்,
தந்தூர் அடுப்பு,
அடியில், கொஞ்சம் தள்ளி,
எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வாசனை.
என் வண்டியுடையது.

நூற்றுப் பன்னிரண்டு.

நடுத்திட்டில் மஞ்சள் சட்டைப் பையன்.
பெயர்ப்பட்டையில் ஃபர்மான்.
கையில் பலகை:
விளக்கு சிவப்பென்றால் வண்டியை அணையுங்கள்.
மூன்று குளிர்காலமாக அவனைத் தாண்டிப் போகிறேன்.
வயலெல்லாம் எரிகிறது, லாரியெல்லாம் ஓடுகிறது,
இதில் என் ஒரு கார் என்ன கணக்கு?
தணிக்கைக்காரி நான்.
அற்பத் தொகையைத் தள்ளுபடி செய்வது
எனக்குத் தொழில்.

"இப்போது உடம்பில் எங்கே இறுக்கம்?" என்றாள் கொடைக்கானல்காரி.
தாடையில்.
தொண்டையில்.
பெருவிரலில்.
"அதற்கு ஒரு பெயர் கொடுங்கள்."
கோபம் என்றேன். பொருந்தவில்லை.
மறுபடி பார்த்தேன்.
அவமானம்.
அந்தப் பத்தாவது சிரிப்பு.

பெயர் சொன்னதும் போய்விடவில்லை,
உட்கார இடம் கேட்டது போல
கொஞ்சம் நகர்ந்தது, அவ்வளவுதான்.
பெருவிரல் தானாக மேலே வந்தது.
அப்போதுதான் காதில் விழுந்தது
எவ்வளவு சத்தமாய் இருந்திருக்கிறேன் என்று.

சாவியைத் திருப்பினேன்.
பூமிக்கு நல்லது செய்யவெல்லாம் இல்லை.
இரைச்சல் பொறுக்கவில்லை.

தொண்ணூற்றாறு.

ஒரு கார் அடங்கியதில் தில்லி அடங்கிவிடாது.
ஆனாலும் ஃபர்மான் இருமுவது கேட்டது.
வறுகடலைக்காரனின் கரண்டி
சட்டியைச் சுரண்டுவது கேட்டது.
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்,
சிவப்பு விளக்கில் எங்கே போவானோ.
அவனுக்கும் ஒரு மானஸ் கோஸ்வாமி
இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வந்ததும் கிளப்பி
யமுனைப் பாலம் ஏறினேன்.
ஃபர்மான் என்னைப் பார்க்கவில்லை,
பலகையை வலக்கையிலிருந்து
இடக்கைக்கு மாற்றிக்கொண்டிருந்தான்.

மறுநாள் அணைத்தேன்.
வியாழன் அன்று
வீட்டுப் பாகப்பிரிவினை பற்றித் தங்கையோடு சண்டை,
அணைக்க நினைவில்லை.
வெள்ளி, எண் நாற்பதுக்கு வந்தபிறகு ஞாபகம்.
பார்க்கிங் ரசீதின் பின்னால்
நாள் போட்டுக் குறித்து வருகிறேன்:
மனசு எரிகிற நாளில்தான்
வண்டியும் எரிகிறது.
தள்ளுபடி செய்ய முடியாத வரிசை.

இன்று லிஃப்ட்டில்
நானும் மானஸ் கோஸ்வாமியும் மட்டும்.
ஏழு மாடி.
அவன் இருமினான். நான் இருமினேன்.
மன்னித்தேன் என்று எழுதினால் பொய்க்கணக்கு.
மன்னிக்காமலே
வண்டியை அணைக்க முடிகிறது,
அதை மட்டும் வரவு வைத்தேன்.