தொட்டிக்கு அடியில் ஒரு வீடு

ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டுக்குப் பதினேழு மாடி.
பதினேழாவதில் நான்.
குளியலறைக் கூரைக்கு மேலே ஒரு சிமெண்டுத் தளம்,
அதன்மேல் தொட்டி.
அது நிரம்பும் சத்தம் படுக்கையில் கேட்கும்.
இருந்தும் என் குழாயில்
நூல்தான்.

மூன்றாம் மாடிக் கோமளவல்லிக்கு
ஷவரைத் திறந்தால் தோள் சிவக்குமாம்.
"நீதான் தொட்டிக்குப் பக்கம், உனக்கென்ன" என்கிறாள்.
அந்தப் பக்கம்தான் கோளாறு.
தண்ணீருக்கு விழத் தூரம் வேண்டும்.
அவளிடம் பாய்ந்து போய்ச் சேர்வது
என்னிடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்.
சில்லு செய்யும் அறையில் முகமூடி, தொப்பி,
கால்வரை வெள்ளை அங்கி.
கண் மட்டும் என்னுடையது.
மிச்சமிருக்கும் எலும்பையும் குளிரவைத்து
விடியலில் இறக்கிவிடும் கம்பெனி பஸ்.
இந்த வெக்கையில் யாருக்கடி சுடுதண்ணீர்
என்று கேட்பவர்கள் எல்லாம்
பகலில் வேலை செய்பவர்கள்.

பழைய ஹீட்டர் தீபாவளிக்கு முந்தின வாரம் செத்தது.
செத்தது என்பதும் சரியில்லை.
க்ளிக் என்னும், சிவப்பு விளக்கு எரியும்,
வரத்து போதவில்லை என்று மறுபடி க்ளிக்.
சூடு, பச்சை, சூடு, பச்சை.
முதுகுக்குப் பின்னால் யாரோ
மனசு மாற்றிக்கொண்டே நிற்பதுபோல்.

ஆ செங் கடைச் சுவரெல்லாம் வெள்ளைப் பெட்டிகள்.
எவ்வளவு பணம் வைத்திருக்கிறாய் என்பார் என்று நினைத்தேன்.
"எவ்வளவு ஓடுது?" என்றார் மலாயில்.
பத்து லிட்டர் வாளி, போனில் நேரம்,
அளந்துகொண்டு வா, அப்புறம் விற்கிறேன்.

அளந்தேன்.
காலை ஆறு மணி: நாலு நிமிடம் பத்து விநாடி.
மாலை ஏழரை: ஏழு நிமிடம்,
கடைசிக் கால் வாளியைப் பக்கத்து வாஷிங் மெஷின்
பிடுங்கிக்கொண்டது.
லீவு நாளில், நள்ளிரவு மூன்று: மூன்றே முக்கால்.
மின்சார பில்லின் பின்னால் எழுதி வைத்தேன்.
எதையும் இவ்வளவு ஒழுங்காக அளந்ததில்லை நான்.
கல்யாணத்துக்கு முன்பே
ஒரு வாளி பிடித்துப் பார்த்திருக்கலாம்.

பம்ப் இல்லாதது முந்நூற்றைம்பது வெள்ளி,
ஆனால் என் நூலுக்கு அது கண் விழிக்காது.
சேர்த்து வைத்துக் காய்ச்சும் உருளை நூலையும் சுடவைக்கும்,
ஆனால் அரை மணிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்,
மாமியார் வீட்டு விருந்தாளி மாதிரி.
மிச்சம் பம்ப் வைத்தது.

பம்ப் என்றதும் சுவர் ஞாபகம் வந்தது.
அந்தப் பக்கம் ஹஸ்லினாவின் குழந்தை,
பிறந்து நாற்பத்தொரு நாள்.
நான் வீடு திரும்பும் ஆறு மணிக்குத்தான்
அது தூங்கப் போகிறது.
லிஃப்டில் பார்த்துக்கொண்டால்
எனக்கும் அவளுக்கும் ஒரே கண்.

"சத்தத்தைக் கேட்கணும்" என்றேன்.
ஒரு தோம்பில் தண்ணீர் வைத்து
கடை நடுவே இரண்டையும் ஓட்டிக் காட்டினார் ஆ செங்.
ஒன்று தேங்காய் அரைக்கும் மிக்ஸி.
மற்றது கொசு.
கொசுவுக்கு நூற்றெண்பது வெள்ளி கூடுதல்.

மாட்ட வந்த ரோஸ்லான்
பெட்டியைப் பிரிக்கவே இல்லை.
வால்வைக் கழற்றி, உள்ளே இருந்த வலையை உதறினார்.
மணல், துரு, பச்சை பெயிண்ட் சீவல்:
பதினோரு வருஷத் தொட்டி அவர் உள்ளங்கையில்.
கழுவிப் போட்டு, என் வாளியையே கேட்டு வாங்கி அளந்தார்.
மூன்றரை நிமிடம்.
"இந்த நாற்பது விநாடி சும்மா" என்றார்.
மிச்சத்துக்குத்தான் கொசு.

முதல் காலை, ஆறு இருபது.
அமுக்கினேன். முனகியது.
தண்ணீர் முதன்முறையாக
என் தோளை ஒரு தோள் என்று மதித்து விழுந்தது.
நான் தண்ணீரைக் கேட்கவில்லை, சுவரைக் கேட்டேன்.

மூன்றாம் நிமிடம் குழந்தை அழுதது.
தலையெல்லாம் நுரையோடு அணைத்தேன்.
நின்றேன்.
அழுகை நிற்கவில்லை.
இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தேன்.
நிற்கவே இல்லை.

ஆக, என்னால் இல்லை.

மறுபடி அமுக்கினேன்.