தனி அடுப்பு

கிச்சிப்பாளையம் அட்டையிலிருந்து
என் பெயரை எடுக்கப் போன அப்பா
காரணம் என்ற இடத்தில்
இறப்பு என்று போடச் சொன்னாராம்.
அதற்குச் சான்றிதழ் கேட்கும் என்றிருக்கிறது
இ-சேவை மையத்துப் பெண்.
சரி, திருமணம் என்றே போடு என்று
எழுந்து வெளியே போய்விட்டாராம்.
தங்கை சொன்னாள், ஃபோனில், குரலைத் தாழ்த்தி.

இருபது வளைவுக்கு மேலே
மாரமங்கலம் போகிற தடத்தில் இருக்கிறது
நான் வாழ வந்த வீடு.
இங்கே என் பெயர் ஏறவில்லை.
எட்டு மாதம்
எந்த மூட்டையிலும் எனக்கென்று ஒரு பிடி இல்லை.
செவ்வாயும் வெள்ளியும் திறக்கிற கடையில்
மாமியார் விரல் வைப்பார்.
நான் பக்கத்தில் பையைப் பிடித்து நிற்பேன்.

"என் அட்டையில ஏறினா நீ இன்னொரு வாய்.
தனி அட்டைன்னா
இன்னொரு சர்க்கரை, இன்னொரு பாமாயில்,
பொங்கலுக்கு இன்னொரு பை.
நீதான் படிச்சவளாச்சே, கணக்குப் போடு"
என்றார் குழந்தையம்மாள்.
புது அட்டைக்கு முதலில் பழையதில் நீக்கணும்.
தீர்த்தன் பெயரையும் எடுத்தோம்.
அந்த மாதம் மூட்டை இன்னும் இளைத்தது.

தனிச் சமையல் இருக்கணும், அதுதான் விதி.
ஆர்.ஐ. வந்து பார்ப்பார்.
எங்களிடம் இருந்தது
தார்ப்பாய் கட்டிப் பிரித்த பாதி அறை,
ஒரு டிரங்குப் பெட்டி.
தீர்த்தன் எஸ்டேட்டிலிருந்து மூன்று கல் கொண்டுவந்தான்.
மண் பூசினேன். காய்ந்ததும்
கல்யாணப் பெண் மாதிரி இருந்தது அடுப்பு.
"இதுல எவ சமைச்சான்னு கேப்பான்" என்று
மாமியார் தன் சட்டிக்கரியை வழித்து
மூன்று கல்லிலும் தேய்த்தார்,
மிச்சத்தை என் நைட்டியில் துடைத்தார்.
ஒரு படி அரிசி அளந்து போட்டு
"திருப்பித் தரணும், ஞாபகம் வச்சுக்கோ" என்றார்.

மழையோடு வந்தார் ஆர்.ஐ.
கண்ணாடி முழுக்க மூட்டம்.
செருப்பைக் கழற்றினால்
கணுக்காலில் கொழுத்த அட்டை.
அட்டை கேட்டு நின்ற வீட்டில்
முதலில் அட்டை பிடுங்கினோம்,
ரேஷன் உப்பு வைத்து.
யாரும் சிரிக்கவில்லை. அவர்தான்
கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

சோறு கொதிப்பதை எட்டிப் பார்த்தார்.
"குழம்பு என்னம்மா?"
நான் யோசிக்கவே இல்லை அதை.
தார்ப்பாய்க்கு அந்தப் பக்கமிருந்து
அவரைக்கொட்டைக் குழம்பு மணந்தது.
தார்ப்பாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
காலில் ரத்தம் இன்னும் நிற்கவில்லை.
ஃபோனை எடுத்துச் சொன்னார்:
"அடுப்பு முழுசா தெரியணும்,
நீங்க கொஞ்சம் ஒதுங்கிக்கங்க."

நான் ஒதுங்கிய அந்தப் படத்தால்தான்
நான் இருக்கிறேன் என்று முடிவாயிற்று.
கார்த்திகையில் அட்டை வந்தது.
குடும்பத் தலைவர்: மோகனபிரியா.
நடுவில் ஒரு ப் காணோம்.
பரவாயில்லை, அதற்கும் சேர்த்துத்தானே அரிசி.

அன்றைக்கு ராத்திரி தங்கை இன்னொன்று சொன்னாள்:
என் பெயர் போன முதல் மாதம்
அரிசி குறைகிறதென்று
அப்பா கடையில் சண்டை போட்டாராம்.
கடைக்காரர் பெயர்களை ஒவ்வொன்றாகப்
படித்துக் காட்டினாராம்.
பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
அப்படியே நின்றாராம், வரிசை திட்டும்வரை.

கடன் படியைத் திருப்பிக் கொடுத்தேன்.
மாமியார் விரலால் தலைவழித்துவிட்டு
"குலுக்கி அளந்தியா?" என்று கேட்டார்.
பிறகு இரண்டு அட்டை அரிசியையும்
ஒரே டிரம்மில் கொட்டினார்.
விறகு என்ன விலை விற்கிறது,
ஒரே உலைதான்.

அடுப்பில் பூனை தூங்குகிறது என்றால்
ஊரில் அதற்கு வேறு அர்த்தம்.
எங்கள் பூனை
அரசாங்கம் படம் பிடித்த அடுப்பில் தூங்குகிறது,
வயிறு நிறைய, சாம்பல்கூட ஒட்டாமல்.
ஆர்.ஐ. மறுபடி வருகிறார் என்றால்
அதை எழுப்பிவிட வேண்டும்.