இதை ஒரு நாள் என்போம்

ஷெட்லாண்டில் ஜூன் மாதம் முழுசாய் இருட்டுவதில்லை.
இரவு பதினொன்றரைக்கும்
படகுத்துறையில் குனிந்தால்
திருகாணியின் மரை தெரியும்.
வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம்
வானத்துக்கு அங்கே கிடையாது.
ஆகவே லௌரி சொல்வான்,
சம்மட்டியைச் சாய்த்துவிட்டு
முழங்கையால் மூக்கைத் துடைத்தபடி:
"இதை ஒரு நாள் என்போம்."

முதல்முறை கேட்டபோது
ஏதோ விசேஷத் தேதி என்று நினைத்து
காலண்டரைத் தேடினேன்.
அதற்குள் கருவிகள் பெட்டிக்குள் போயிருந்தன.
கிப்பி வேனைக் கிளப்பியிருந்தான்.
பாதி பொருத்திய பலகை
பாதியிலேயே கிடந்தது.

நம் பேச்சில் கடையைக் கட்டுவோம்,
கட்டுவதற்குக் கடையே இல்லாதவர்களும்.
இவர்கள் பெயர் வைக்கிறார்கள்.
குறைமாதத்தில் பிறந்ததற்கும் வைப்பதுபோல.
இவ்வளவுதான் வந்தது,
இதுவும் நாள்தான்.

டிசம்பரில் தலைகீழ்.
ஒன்பதுக்கு வெளுத்து மூன்றுக்கு இருட்டும்.
மழை மேலிருந்து வராது, பக்கவாட்டில் வரும்.
ஒருமுறை பத்தரைக்கே சொல்லிவிட்டான்.
ஒரே ஒரு போல்ட் முறுக்கியிருந்தோம்.
ஆபீஸில் ஓஸ்லா
எங்கள் ஈரக் கையெழுத்தைப் பார்த்தாள்,
முழுச் சம்பளம் போட்டாள்.

பிங்கோ கலையும்போதும் அதே சொல்.
கிழிந்த வலையைத் தைத்துத் தைத்து
நூல் தீர்ந்தவன் சொல்வதும் அதே.
மணலில் ஏறிவிட்ட திமிங்கிலத்தை
ஊரே கூடி ஆறு மணி நேரம் தள்ளியபின்
கால்நடை மருத்துவர் அதைத்தான் சொன்னார்
பூட்ஸுக்குள் இருந்த கடலைக் கொட்டியபடி.
அது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

போன பிப்ரவரியில்
லௌரியின் மனைவி மைமா
சமையலறை மேஜையில் வைத்து அதைச் சொன்னாளாம்.
அவன் கடிகாரத்தைப் பார்த்தானாம்.
மணி நாலு.
"இன்னும் வெளிச்சம் இருக்கிறதே" என்றானாம்.

பத்தொன்பது வருஷம்.
ஒரு நாள்.

வேனில் இதை எங்களுக்குச் சொன்னபோது
சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.
கிப்பி ரேடியோவை அணைத்தான்,
பிறகு ஏனோ திரும்பவும் போட்டான்.
வானிலை அறிக்கை ஓடியது:
வடமேற்குக் காற்று, இடையிடையே தூறல்.

இப்போது மறுபடி ஜூன்.
மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.
லௌரி அடித்துக்கொண்டே இருக்கிறான்.
வேறு யாரும் சொல்லக்கூடாது என்று
எங்கும் எழுதிவைக்கவில்லை.
கிப்பி என்னைப் பார்க்கிறான்,
நான் கிப்பியைப் பார்க்கிறேன்.
பிளாஸ்கில் டீ எப்போதோ ஆறிவிட்டது.
மேற்கே அணையாத சிவப்பு
வடக்கு ஓரமாகவே நகர்ந்து
கிழக்குப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.
இது நேற்றையதா நாளையதா
யாரிடம் கேட்பது.

கையை நீட்டுகிறான்.
அடுத்த போல்ட்டை எடுத்துக் கொடுக்கிறேன்.