முதுகு

நாற்பது நாள் ஆசிரியை நான்,
பி.எட். பயிற்சிக்காக.
தண்டையார்பேட்டை மாநகராட்சிப் பள்ளி,
ஏழாம் வகுப்பு ஆ பிரிவு.
சன்னலைத் திறந்தால் துறைமுகம் போகும்
கன்டெய்னர் லாரிகளின் ஹாரன்,
சாத்தினால் வேர்வை.
நான் சாத்தச் சொன்னேன்.

பாடத்திட்டத் தாளில் ஒரு கட்டம்:
சிறப்புத் தேவையுடைய மாணவர்.
ஒன்று என்று எழுதினேன்.
பக்கத்துக் கட்டம்: மேற்கொள்ளும் நடவடிக்கை.
முன் வரிசையில் அமர்த்துதல்.
உள்ளடக்கிய கல்வியில்
எண்பத்தொரு மதிப்பெண் எனக்கு.

ஷபானா முன் வரிசையில் இருந்தாள்.
காதுக் கருவிக்கு பேட்டரி
ரம்ஜானுக்கு முன்பே தீர்ந்திருந்தது.

நீர்ச் சுழற்சி.
நீலச் சாக்பீஸில் கடல்,
அம்புக்குறி, மேகம், மறுபடி அம்புக்குறி,
வரைந்துகொண்டே பேசினேன்.
கரும்பலகைக் கையெழுத்துக்கு
ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டுப் போனார்
எஸ்தர் மேடம்.

தொல்லை யுவனேஷ்தான்.
நான் பலகைப் பக்கம் திரும்பினால் போதும்,
அவள் பக்கம் திரும்பிவிடுவான்.
உதட்டை அசைப்பான், விரலை ஆட்டுவான்,
நோட்டில் ஒரு வரி கிடையாது.
மூன்று நாள் பொறுத்தேன்.
நாலாம் நாள் கடைசி பெஞ்சு.

அன்றைக்கு ஷபானா
எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.
அங்கிருந்து, நாலு வரிசைத் தலைகளுக்கு மேலே,
அவன் பத்து விரலையும் மெல்ல மெல்ல
உயர்த்திக்கொண்டிருந்தான்:
ஆவியாதல்.

மணி அடித்ததும் கேட்டேன்.
"நீங்க அந்தாண்ட திரும்பிக்கினா
அதுக்கு ஒன்னியும் தெரியாது மிஸ்."

மேகத்துக்கு என்னடா?
கன்னத்தை உப்பினான்.
கடலுக்கு?
காசிமேட்டுப் பையன்,
தோளோடு சேர்த்து ஆட்டினான்.
எனக்கு?
தரையைப் பார்த்தான்.
அவள்தான் காட்டினாள்.
கையைப் பின்னால் வளைத்து
தன் முதுகை இரண்டு முறை தட்டினாள்.

இப்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு எழுதுகிறேன்.
திரும்புகிறேன். பிறகுதான் பேச்சு.
பாதி நேரம் மறந்துபோகிறது.
மறந்தால் பெஞ்சைத் தட்டுகிறாள்,
சாலையில் போகும் லாரிக்கே கேட்கும்.
பாடம் பாதியில் நின்றதற்கு
சிவப்பில் ஒரு சுழி: நேர மேலாண்மை.

யுவனேஷை முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.
மொழிபெயர்க்கும் வேலை பாதி குறைந்துவிட்டது.
இருந்தும் அவன் எழுதுவதில்லை.
நேற்று நோட்டை வாங்கிப் பார்த்தேன்.
தேதி இருந்தது.
அதன்கீழ் 'ஆவி' என்று எழுத
ஏழு முறை முயன்று
ஏழு முறை அழித்த தடம்,
தாள் ஓட்டை விழும் அளவுக்கு.

கட்டத்தில் இருந்த ஒன்றை
நானும் அழித்தேன்.
எஸ்தர் மேடம் நாளை வருவார்.
இன்னும் எதுவும் எழுதவில்லை.